இடுப்புக்குள்ள ஒரு பேசின் பிரிட்ஜ்!

'படக்'னு ஒரு சத்தம் கேட்டா காலில் ஓடுற கரண்ட் நின்னுடுமா? கைரோபிராக்டிக் பற்றி ஒரு கறார் ரிப்போர்ட்!

சென்ட்ரலுக்கு வர்ற ரயில் எதுவா இருந்தாலும் சரி, பேசின் பிரிட்ஜ் வந்ததும் ஒரு பெருமூச்சு விட்டுட்டு நின்னுடும். "இறங்கி நடந்தாகூடப் போய்ச் சேர்ந்திருக்கலாம்பா"ன்னு புலம்பிக்கிட்டே எல்லாரும் செல்லை எடுப்பாங்க. செல்லைத் திறந்தா ரீல்ஸ். ரீல்ஸைத் தள்ளினா, ஒருத்தர் ஒருக்களிச்சுப் படுத்திருக்கார். இன்னொருத்தர் அவர் தோளையும் இடுப்பையும் பிடிச்சு வெடுக்குனு ஒரு திருப்பு. படக்! படுத்திருந்தவர் எழுந்து நின்னு, கண்ணுல தண்ணியோட "வலியே இல்ல சார்"ங்கிறார். லைக்ஸ் லட்சத்தைத் தாண்டி ஓடுது.

பார்க்கிற உங்களுக்குச் சட்டுனு ஒரு முகம் ஞாபகம் வரும். ஹார்பரில் லோடு இறக்குற அப்பா. கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுற மாமா. காசிமேட்டில் மீன் கூடை தூக்குற அத்தை. தண்ணி லாரிக்கும் வீட்டுக்கும் நடுவில் குடத்தோட நடையா நடந்த அம்மா. "இடுப்புல புடிச்சு கால் வரைக்கும் இழுக்குதுடா"ன்னு ராத்திரியெல்லாம் புரண்டு படுக்கிறவங்க. ஏன், பகல்ல காலேஜ், ராத்திரி ஃபுட் டெலிவரின்னு பைக்கிலேயே குடியிருக்கிற நீங்களாகூட இருக்கலாம்.

"இந்த 'படக்' வைத்தியத்துக்குக் கூட்டிட்டுப் போனா என்ன?" கேள்வி நியாயமானதுதான். ஆனா வடசென்னையில் ஒரு ஆளோட முதுகுங்கிறது பல வீட்டில் அந்த மாசத்து அரிசி, வாடகை, உங்க செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் சேர்ந்தது. அதை ஒருத்தர் கையில் கொடுக்கிறதுக்கு முன்னாடி மேட்டரை முழுசா தெரிஞ்சுக்கணும் இல்லையா? வாங்க.

ஐந்து வேர், ஒரு ஜங்ஷன்

வில்லன்னு நாம திட்டுற அந்த நரம்போட பேரு சியாட்டிக். நம்ம உடம்பிலேயே தடிமனான நரம்பு இதுதான். தொடங்குற இடத்தில் கிட்டத்தட்ட கட்டைவிரல் அகலம் இருக்கும். கீழ்முதுகில் எல்-4, எல்-5, எஸ்-1, எஸ்-2, எஸ்-3 என்று ஐந்து வேர்கள் தனித்தனியாக் கிளம்பி, இடுப்புக்குள்ள ஒண்ணாச் சேருது. அங்கிருந்து புட்டம், தொடையின் பின்பக்கம்னு இறங்கி, முழங்கால்கிட்ட ரெண்டாப் பிரிஞ்சு, பாதம் வரைக்கும் போகுது.

நம்ம ஊர் கணக்குல சொன்னா, இது அச்சு அசல் பேசின் பிரிட்ஜ்! சென்ட்ரல்லேர்ந்து கிளம்புற தண்டவாளம் இங்கதான் பிரியுது. ஒண்ணு வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் வழியா அரக்கோணம் பக்கம். இன்னொண்ணு கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியா கும்மிடிப்பூண்டி பக்கம். பேசின் பிரிட்ஜில் ஒரு சிக்னல் மக்கர் பண்ணினா ஆவடியில் நிக்கிறவருக்கும் வண்டி லேட், எண்ணூரில் நிக்கிறவருக்கும் வண்டி லேட். அவங்க ஸ்டேஷனில் ஒரு கோளாறும் இருக்காது.

சியாட்டிகா வலியும் இதே கதைதான். கோளாறு முதுகில், அலறுவது கெண்டைக்கால். கெண்டைக்காலுக்கு மாத்தி மாத்தித் தைலம் தேய்க்கிறது, எண்ணூர் பிளாட்ஃபாரத்தைக் கூட்டிப் பெருக்கி ரயிலை வரவழைக்கிற மாதிரி!

கோளாறு எப்படி வருது? முள்ளெலும்புகளுக்கு நடுவில் ஷாக் அப்சார்பர் மாதிரி டிஸ்க் இருக்கு. நம்ம வீடுகள்ல இதைத்தான் "ஜவ்வு"ன்னு சொல்றோம். வெளியே கெட்டியான வளையம், உள்ளே கூழ். வளையம் நைஞ்சு, உள்ளே இருக்கிறது பிதுங்கி, பக்கத்தில் போற நரம்பு வேரை உரசினா வீக்கமும் வலியும் ஆரம்பம். சியாட்டிகாவுக்கு இந்த டிஸ்க் பிதுக்கம் ஒரு முக்கியக் காரணம்னு 1934-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற ரெண்டு சர்ஜன்கள் எழுதிக் காட்டினாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் ஊர் உலகமெல்லாம் இது வாதம், வாய்வுன்னுதான் பேசிக்கிட்டிருந்தது. நம்ம தெருவில் இன்னைக்கும் அப்படித்தான் பேசுறாங்க!

சாதா முதுகுவலிக்கும் இதுக்கும் வித்தியாசம் ஈஸி. சாதா வலி இடுப்போட நின்னுடும். சியாட்டிகா பெரும்பாலும் ஒரே காலில், முழங்காலுக்குக் கீழே வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி ஓடும். தும்மினா, இருமினா, முக்கினா சுரீர்னு ஏறும். சில இடம் மரத்துப்போகும். டாக்டர் உங்களை மல்லாக்கப் படுக்கவச்சு, காலை மடக்காம மெதுவாத் தூக்கிப் பார்ப்பார். பாதி உயரம் போறதுக்குள்ள கால் முழுக்க வலி ஓடினா, நரம்பு வேர் மேல அவருக்குச் சந்தேகம் வரும். மெஷின் வேண்டாம், பைசா செலவு இல்லை!

மூட்டையும் பர்ஸும்

சால்ட் கோட்டர்ஸ், கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டு, ஹார்பர் கேட், மீன்பிடித் துறைமுகம்... இந்த பெல்ட்டில் முதுகுதான் பலருக்கு மூலதனம். குனிஞ்சபடியே கனமானதைத் தூக்கி, தூக்கினபடியே உடம்பைத் திருப்புறது டிஸ்க்குக்குப் பிடிக்காத விஷயம். டிரைவர்களுக்கு வேற ரூட்: மணிக்கணக்கா உட்கார்ந்து, குண்டும் குழியுமான ரோட்டில் கீழேயிருந்து வர்ற அதிர்வை முதுகு வாங்கிக்கிட்டே இருக்கும்.

"நான் மூட்டையே தூக்கலையே பாஸ்"னு நழுவாதீங்க. பேன்ட் பின்பாக்கெட்டில் தலையணை சைஸில் பர்ஸ் வச்சு உட்கார்றவங்களுக்கும் நரம்பு அழுந்தி வலி வரும். 1978-லேயே இதுக்கு 'கிரெடிட் கார்டு பர்ஸ் சியாட்டிகா'ன்னு பேரு வச்சு அமெரிக்க மருத்துவ சங்க இதழில் எழுதிட்டாங்க. இப்போ எல்லாம் போனிலேயே பணம் கட்டுறதால பர்ஸ் ஒல்லியாயிடுச்சு, அந்த வகையில் முதுகுக்கு லாபம்!

கைரோ... யாரு பாஸ் நீங்க?

'கைரோபிராக்டிக்' கிரேக்க மூலத்திலிருந்து வந்த பேரு. 'கையால் செய்வது'ன்னு அர்த்தம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட் ஊரில் காந்த சிகிச்சை பார்த்துக்கிட்டிருந்தவர் டி.டி.பாமர். 1895-ல் அதே கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டு என்பவருக்குக் காது சரியாக் கேட்காது. முதுகில் ஒரு எலும்பு துருத்திக்கிட்டு இருக்குன்னு சொல்லி பாமர் அதை அழுத்த, காது கேட்க ஆரம்பிச்சதுன்னு கதை. "முதுகெலும்பு கொஞ்சம் விலகுறதுதான் கிட்டத்தட்ட எல்லா நோய்க்கும் காரணம்"னு பாமர் ஒரே போடாப் போட்டார். 1897-ல் பள்ளிக்கூடமே ஆரம்பிச்சார். லைசென்ஸ் இல்லாம வைத்தியம் பார்த்ததா 1906-ல் ஜெயிலுக்கும் போனார்.

எல்லா நோய்க்கும் இதுதான் காரணம்ங்கிற அந்தக் கொள்கைக்கு ஆதாரம் கிடைக்கலை. ஆனா முதுகுவலியில் கையால் அழுத்தித் திருப்புறது கொஞ்சம் உதவுதுன்னு ஆராய்ச்சிகள் சொல்ல ஆரம்பிச்சுது. அமெரிக்காவில் 1913-ல் கன்சாஸில் தொடங்கி 1974-ல் லூசியானா வரைக்கும் எல்லா மாநிலமும் லைசென்ஸ் கொடுத்தாச்சு. கைரோபிராக்டிக் படிப்பு எப்படி இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2005-ல் ஒரு வழிகாட்டியே போட்டது: முழுநேரமா நாலு வருஷம், குறைஞ்சது 4,200 மணி நேர வகுப்பு. இந்த நம்பரை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

நமக்கு இது ஒண்ணும் புதுசும் இல்லை. ஆந்திராவின் புத்தூர் பேரைச் சொல்லி மாவுக்கட்டுக்குப் போட்டியா கட்டுப் போடுறவங்களைச் சென்னையில் பார்க்காதவங்க யாரு? சித்த மருத்துவத்தில் 'தொக்கணம்'னு அழுத்தி, பிடிச்சு, நீவுற முறை இருக்கு. வர்மம் இருக்கு. "இரட்டைப் பிள்ளையில ஒருத்தர் நீவினா சுளுக்கு ஓடிடும்"னு பாட்டி வைத்தியமும் இருக்கு. கை வச்சா வலி குறையும்ங்கிற நம்பிக்கை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். ஊருக்கு ஊர் சட்டைதான் மாறுது.

அந்த 'படக்' எங்கிருந்து வருது?

வீடியோவோட ஹீரோவே இந்தச் சத்தம்தான். எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம்னு நினைக்கிறோம். கிடையாது. மூட்டுக்குள்ள எண்ணெய் மாதிரி ஒரு திரவம் இருக்கு. மூட்டை வேகமாப் பிரிச்சா உள்ளே அழுத்தம் குறைஞ்சு, வாயு நிரம்பின ஒரு குழி சட்டுனு உருவாகுது. அப்போ வர்ற சத்தம் அது. 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், விரலில் சொடக்கு எடுக்கிறதை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ளேயே வச்சுப் படம் பிடிச்சு இதைக் காட்டினாங்க.

எக்ஸாம் ஹாலில் நீங்க எடுக்கிற சொடக்கும், ரீல்ஸில் வர்ற 'படக்'கும் அண்ணன் தம்பி. ஒரு தடவை எடுத்த விரலில் உடனே திரும்ப எடுக்க முடியாது, சுமார் இருபது நிமிஷம் ஆகும். சத்தம் பெருசா வந்தா வைத்தியம் பெருசுன்னு அர்த்தம் இல்லை. சத்தமே வராம வலி குறையலாம். சத்தம் டாப்பா வந்தும் வலி அப்படியே இருக்கலாம்.

பிதுங்கின ஜவ்வை அந்தத் திருப்பு உள்ளே தள்ளுமா? பேஸ்ட்டை டியூபுக்குள்ள திரும்பத் தள்ளிப் பார்த்திருக்கீங்களா? அதே கஷ்டம்தான் இங்கேயும். திருப்பும்போது இறுகிப்போன தசை தளருது, வலியை மூளை உணர்ற விதம் கொஞ்ச நேரத்துக்கு மாறுது, அசைக்கப் பயந்த இடத்தை அசைக்கத் தைரியம் வருது. ஆறுதல் பெரும்பாலும் இந்த வழியாத்தான்.

அப்போ வேலை செய்யுதா, இல்லையா?

நேராவே சொல்லிடுவோம். சியாட்டிகாவில் சிலருக்கு உதவுது. மாயாஜாலம் எதுவும் இல்லை.

இத்தாலியில் 2006-ல் வெளியான ஒரு ஆராய்ச்சி. டிஸ்க் பிதுங்கி, முதுகும் காலும் வலிக்கிற 102 பேரை ரெண்டா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு அனுபவமுள்ள கைரோபிராக்டர்கள் நிஜமான சிகிச்சை செஞ்சாங்க. இன்னொரு குரூப்புக்குச் சும்மா செய்யற மாதிரி நடிப்பு. ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா, கால்வலி முழுசா போனவங்க நிஜ குரூப்பில் 55 சதவீதம், நடிப்பு குரூப்பில் 20 சதவீதம். "ஆஹா"ன்னு கை தட்டறதுக்கு முன்னாடி இன்னொரு பக்கமும் பாருங்க. நிஜ சிகிச்சை எடுத்தவங்கள்லேயே பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேருக்குக் கால்வலி மிச்சம் இருந்தது. நடிப்பு குரூப்பிலும் அஞ்சுல ஒருத்தருக்கு வலி போயிருந்தது!

2014-ல் அமெரிக்காவில் கால்வலியோட வந்த 192 பேரை வச்சு இன்னொரு ஆராய்ச்சி. வீட்டில் செய்யற உடற்பயிற்சியும் ஆலோசனையும் மட்டும் ஒரு குரூப்புக்கு. அதோட சேர்த்துத் திருப்பு வைத்தியமும் இன்னொரு குரூப்புக்கு. 12 வாரத்தில் ரெண்டாவது குரூப்புக்குக் கால்வலி அதிகமா குறைஞ்சிருந்தது. ஒரு வருஷம் கழிச்சு? கால்வலியில் அந்த லாபம் நிலைக்கலை.

பிரிட்டனில் 2016-ல் வந்த அரசு வழிகாட்டி இதை ஒரே வரியில் முடிச்சிடுது: கை வைத்தியம் கொடுக்கலாம், ஆனா தனியா வேண்டாம், உடற்பயிற்சியோட சேர்த்துத்தான். ரீல்ஸில் இந்த வரி வரவே வராது. உடற்பயிற்சி வீடியோவுக்கு யாரு லைக் போடுவா?

பெரிய டாக்டர் பேரு 'காலம்'

சியாட்டிகா வந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு ஆறு வாரத்திலிருந்து மூணு மாசத்துக்குள்ள வலி கணிசமா குறைஞ்சிடும். பிதுங்கின பகுதியை உடம்பே கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு உறிஞ்சுக்கிறதும் நடக்குது. பெரிய பிதுக்கம்னாலும் இது சாத்தியம்.

நெதர்லாந்தில் 2007-ல், பல வாரமா கடுமையான சியாட்டிகாவோட இருந்த 283 பேரில் பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன்னு முடிவு. மீதிப் பேருக்குக் காத்திருக்கலாம், தேவைப்பட்டா செய்யலாம்னு முடிவு. சீக்கிரம் ஆபரேஷன் செஞ்சவங்களுக்கு வலி வேகமா குறைஞ்சது. ஆனா ஒரு வருஷ முடிவில் ரெண்டு குரூப்பிலும் 95 சதவீதம் பேர் தேறிட்டாங்க. காத்திருந்தவங்கள்ல 39 சதவீதம் பேருக்குப் பின்னாடி ஆபரேஷன் தேவைப்பட்டது என்பதும் உண்மை. ஸோ, ஆபரேஷன் பேயும் இல்லை, முதல் ஓவரிலேயே அடிக்க வேண்டிய சிக்ஸரும் இல்லை.

இங்கதான் ஒரு சூட்சுமம். மூணாவது வாரம் வலி தானா இறங்குற நேரத்தில் யார்கிட்ட போறோமோ, பேரு அவருக்குத்தான்! கட்டு போட்டவர், ஊசி போட்டவர், நெட்டி எடுத்தவர், எல்லாரும் ஹீரோ. அதனாலதான் "எனக்கு அங்க போனதும் சரியாயிடுச்சு"ன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றது பொய்யாவும் இருக்காது, ஆதாரமாவும் ஆகாது.

இன்னொரு பூச்சாண்டி, ஸ்கேன் ரிப்போர்ட். 'டிஸ்க் பல்ஜ்'னு எழுதியிருந்தாலே வீட்டில் ஒப்பாரி ஆரம்பம். வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஒரு கணக்கு போட்டாங்க. இருபது வயசுக்காரங்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது! உங்க கிளாஸில் பத்துப் பேர் இருந்தா மூணு பேர். லாஸ்ட் பெஞ்சில் ஜாலியா உட்கார்ந்திருப்பாங்க. ஸ்கேன் படத்துக்கு வைத்தியம் கிடையாது, ஆளுக்குத்தான் வைத்தியம். அபாய அறிகுறி எதுவும் இல்லைன்னா முதல் வாரமே ஓடிப்போய் எம்.ஆர்.ஐ. எடுக்கணும்னு அவசியம் இல்லை.

முதுகைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆறு கேள்வி

சரி, போய்த்தான் பார்ப்போம்னு முடிவா? இந்தியாவில் டாக்டர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் இருக்கு. பிசியோதெரபிஸ்டுகள் 2021-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழே வந்துட்டாங்க. கைரோபிராக்டருக்குன்னு அப்படித் தனிக் கவுன்சில் இங்க கிடையாது. போர்டு பளபளப்பா இருக்குன்னு உள்ளே போயிடாதீங்க. விசாரிக்கிற வேலை உங்களோடது. காலேஜ் படிக்கிற பிள்ளை வீட்டில் எதுக்கு இருக்கு?

1. "என்ன படிச்சிருக்கீங்க, எங்க, எத்தனை வருஷம்?" அந்த 4,200 மணி நேரம் ஞாபகம் இருக்கில்ல? சனி, ஞாயிறு கோர்ஸ் சர்டிபிகேட்டுக்கும் அதுக்கும் ரொம்ப தூரம்.

2. தொடுறதுக்கு முன்னாடி சோதிச்சாரா? காலைத் தூக்கிப் பார்த்து, பலம் பார்த்து, மரத்துப்போன இடம் கேட்டு, பழைய நோய் விசாரிச்சாரா? படுத்ததும் திருப்பினா எழுந்து வந்துடுங்க.

3. "ஜவ்வை உள்ள தள்ளிடுவேன்", "ஒரே சிட்டிங்கில் கேரண்டி"ங்கிறாரா? அது வைத்தியம் இல்லை, விளம்பரம்.

4. இருபது, முப்பது சிட்டிங்குக்கு முன்பணம் கேக்கிறாரா? நாலஞ்சு தடவையில் முன்னேற்றம் தெரியலைன்னா என்ன செய்வார்னு கேளுங்க. "நிறுத்திட்டு டாக்டர்கிட்ட அனுப்புவேன்"னு சொன்னா நல்ல ஆள்.

5. வலி இடுப்பில் இருக்கும்போது கழுத்தை எதுக்குத் திருப்பணும்? "கழுத்து வேண்டாம்"னு தெளிவாச் சொல்லிடுங்க. கழுத்தை வெடுக்குனு திருப்பும்போது மூளைக்கு ரத்தம் போற குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனா வந்தா வந்ததுதான். முடிவெட்டி முடிச்சதும் சலூனில் இலவசமாக் கிடைக்கிற நெட்டிக்கும் இதே பதில்தான்: "வேணாம்ணா, தேங்க்ஸ்!"

6. வீட்டில் செய்ய உடற்பயிற்சி சொல்லித் தர்றாரா? சொல்லித் தராதவர் உங்களைத் திரும்பத் திரும்ப வரவைக்கப் பார்க்கிறார்னு அர்த்தம்.

எலும்பு தேய்மானம் உள்ள வயசானவங்க, புற்றுநோய் வந்தவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, கீழே விழுந்து அடிபட்டவங்க... இவங்களுக்குத் திருப்பு வைத்தியம் ஆபத்து. முக்கியமா இன்னொண்ணு. முதுகுவலியோட சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுறது, ராத்திரி வியர்வை இருந்தா முதுகெலும்பில் காசநோயா இருக்கலாம். நம்ம நாட்டில் இது அரிதான நோய் இல்லை, மருந்தால் குணமாகக்கூடியது. அந்த எலும்பைப் பிடிச்சுத் திருப்பினா நொறுங்கிடும். முதல்ல டாக்டர், அப்புறம்தான் மத்தவங்க.

ரெட் சிக்னல்!

இந்த நாலில் ஒண்ணு வந்தாலும் கட்டு, தைலம், கைரோ, கூகுள் எல்லாத்தையும் ஓரங்கட்டுங்க:

- பைக் சீட் படுற இடம், அதாவது தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போறது.

- மூத்திரம் வராம அடைக்கிறது, அல்லது தெரியாமலே மூத்திரமோ மலமோ போறது.

- ரெண்டு காலிலும் வலியும் பலவீனமும் பரவுறது.

- பாதத்தைத் தூக்க முடியாம செருப்பு நழுவுறது, நடக்கும்போது கட்டைவிரல் தரையில் இடிக்கிறது.

முதுகோட அடிப்பகுதியில் இருக்கிற நரம்புக் கொத்தே நசுங்குதுங்கிறதுக்கான அடையாளமா இது இருக்கலாம். அன்னைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரி. "காலையில பார்த்துக்கலாம்"னு தள்ளினா வாழ்நாள் முழுக்க டியூப் வச்சு மூத்திரம் போற நிலைமை வரலாம். 108-ஐக் கூப்பிடுங்க. சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. பேசின் பிரிட்ஜிலிருந்து கூப்பிடு தூரத்தில் பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி.

ஸ்டான்லின்னதும் முகம் சுளிக்காதீங்க. தொழிற்சாலை மெஷினில் கை சிதைஞ்சு வந்த வடசென்னைத் தொழிலாளிகளுக்காக டாக்டர் ஆர்.வெங்கடசாமி 1971-ல் கை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு தொடங்கின இடம் அது. இன்னைக்கு நாடு முழுக்கப் பேர் வாங்கியிருக்கு. உழைக்கிற உடம்பைப் பார்த்துப் பழகின ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், பிசியோதெரபி எல்லாம் ஒரே காம்பவுண்டில், பணம் கட்டாம. ஓ.பி. க்யூவில் நிக்கிற பொறுமை மட்டும் நம்ம பொறுப்பு. படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கு வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வர்ற ஏற்பாடு, 2021-ல் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இருக்கு. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிங்க.

இந்த வாரமே ஆரம்பிக்கலாம்

படுத்தே கிடக்காதீங்க. வலி உச்சத்தில் ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு போதும். அப்புறம் வீட்டுக்குள்ள, தெருவில்னு கொஞ்சம் கொஞ்சமா நடை. அசைவுதான் மருந்து.

படுக்கும்போது ஒருக்களிச்சுப் படுத்து, ரெண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை. மல்லாக்கப் படுத்தா முட்டிக்குக் கீழே தலையணை.

அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்க. டெலிவரி வண்டியா இருந்தாலும் சரி, கம்ப்யூட்டர் லேபா இருந்தாலும் சரி.

குப்புறப் படுத்து, கையை ஊன்றி மார்பை மட்டும் தூக்குற பயிற்சி சிலருக்கு நல்லா உதவும். இதைப் பிரபலமாக்கினவர் நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்ஸி. பாதம் வரைக்கும் போன வலி பின்வாங்கி முழங்கால், தொடை, அப்புறம் இடுப்புன்னு மேலே ஏறினா நல்ல சகுனம். மாறா, இடுப்பு வலி கீழே இறங்கினா உடனே நிறுத்துங்க. பிசியோதெரபிஸ்ட் ஒரு தடவை பார்த்துச் சொல்லிக் கொடுத்த பிறகு செய்யறது உத்தமம்.

மெடிக்கல் ஷாப்பில் "வலிக்கு நாலு மாத்திரை கொடுண்ணா"ன்னு வாரக்கணக்கா வாங்கிப் போடுறதை நிறுத்துங்க. வயித்துப் புண், கிட்னி பாதிப்பு ரெண்டுமே அதில் காத்திருக்கு. நரம்புவலி மாத்திரைன்னு பேர் வாங்கின பிரீகபாலினை சியாட்டிகா உள்ள 209 பேரை வச்சுச் சோதிச்சுப் பார்த்தாங்க. 2017-ல் வந்த ரிசல்ட்: வெத்து மாத்திரையைவிட ஒரு படி மேலே இல்லை, தலைசுத்தல் மட்டும் அதிகம்!

மூட்டை அப்படியே இருக்கே?

எந்த வைத்தியரும் சொல்லாத ஒரு விஷயம் பாக்கி இருக்கு. சனிக்கிழமை நெட்டி எடுத்துக்கிட்டு, திங்கட்கிழமை காலையில் அதே அம்பது கிலோ மூட்டையை அதே மாதிரி குனிஞ்சு தூக்கினா, எந்த நாட்டு வைத்தியமும் தாங்காது. ஒரு ஆண் தொழிலாளி தூக்குற எடை 55 கிலோவைத் தாண்டாம இருக்கணும்னு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செஞ்சது. ஒரு நாளைக்கு நூறு நடை தூக்குற முதுகோட நிலைமையை நீங்களே யோசிச்சுப் பாருங்க.

மூட்டையைக் குனிஞ்சு இழுக்காம, கிட்டப் போய், முட்டியை மடக்கி, வயித்தோட அணைச்சுத் தூக்கணும். தூக்கினபடி இடுப்பைத் திருப்பாம காலை மாத்தி வச்சுத் திரும்பணும். ரெண்டு பேர் சேர்ந்து தூக்கலாம். தள்ளுவண்டி கிடைக்குமான்னு மேஸ்திரியிடம் கேட்கலாம். வலியோட இருக்கிற நாலு வாரத்துக்கு லோடு தூக்காம கணக்கெழுதுற வேலை, கயிறு கட்டுற வேலைன்னு மாத்திக் கேட்கலாம். வெட்கப்பட வேண்டியது ஒண்ணும் இல்லை. தயங்குறவங்களுக்காக யூனியனிடம் பேச, ஒரு லெட்டர் எழுதிக் கொடுக்க, வீட்டில் ஒரு டிகிரி ஹோல்டர் உருவாகிக்கிட்டுத்தானே இருக்கார்?

ஸோ, இன்னைக்கு ராத்திரி அப்பாவோ அம்மாவோ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா ரீல்ஸைக் காட்டாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து மூணே கேள்வி கேளுங்க. "வலி எதுவரைக்கும் ஓடுது? எங்கயாவது மரத்துப்போகுதா? ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?" மூணாவதைக் கேட்கக் கூச்சமாத்தான் இருக்கும். பரவாயில்லை, கேட்டுடுங்க.